முன்னால ஒரு நூல் கம்மியா

மச்சான்,

இன்று காலை மீன் வாங்கக் கடற்கரைக்குப் போயிருந்தேன். ஏலம் முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. ஐஸ் உடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நம் பிக்கப் நின்றது. கதவில் வேறு பெயர், தார்ப்பாயும் புதிது. ஆனாலும் மற்ற வண்டிகளுக்கு நடுவே அது மட்டும் முன்பக்கம் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மீன் தண்ணீரும் டீசலும் கலந்த அந்த வாடை, நீங்கள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது சட்டையில் வரும் வாடை. டிரைவர் மணமேல்குடிப் பக்கத்து ஆள். பழைய வண்டிக்காரர் பொஞ்சாதி என்று யாரோ என்னைக் காட்டிச் சொல்லியிருப்பார்கள் போல. கிட்டே வந்து, "இது ஒங்க வண்டியாமேங்க? ஸ்டீரிங்கை லேசாப் புடிச்சாப் போதும், நேரா போகுது" என்றார். தலையை மட்டும் ஆட்டிவிட்டு, மீன் வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கியது, உங்களுக்கு முடியாமல் போவதற்கு முந்திய மழைக்காலத்தில்தான். கடற்கரைக்கு இறங்கும் பாதை முழுக்கப் பள்ளம். பாரத்தோடு ஏறும்போதெல்லாம் அடிப்பாகம் இடிக்கிறது என்று முன்பக்கத்தை உயர்த்திக்கொண்டு வந்தீர்கள். உயர்த்தியதில் சக்கரங்களின் முகம் விலகிவிட்டது. ஸ்டீரிங் இழுத்தது, டயர் உள்பக்கமாகத் தேய்ந்தது. புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய் அலைன்மென்ட் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். அதற்குள் உங்கள் கால்கள் வீங்கத் தொடங்கின. புதுக்கோட்டைக்குப் போகத்தான் செய்தோம், டயாலிசிஸுக்கு, பஸ்ஸில். வண்டி வாசலில் கிடந்தது.

ஒருநாள் காலை, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிராத நாள், அரை டம்ளர் டீயைக் குடித்துவிட்டு, வண்டிக்கு நாமே அலைன்மென்ட் பார்த்துவிடலாம், நீ டேப் பிடி என்றீர்கள். எனக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. மறுபடி ஓட்டப் போகிறீர்கள் என்றுதான் நினைத்தேன். நீங்கள் தேறிவிட்டீர்கள் என்று மனசுக்குள் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிக்கொண்டே பழைய நைட்டியை மாட்டிக்கொண்டு வந்தேன்.

டயாலிசிஸ் ஊசி ஏற்றும் இடது கையால் நீங்கள் கனம் தூக்கக் கூடாது. அதனால் ஜாக்கி அடித்தது நான். சக்கரத்தை நான் சுற்ற, நீங்கள் ஆணியை அசையாமல் பிடித்து டயரின் நடுவே கோடு இழுத்தீர்கள். இரண்டு சக்கரத்திலும் கோடு விழுந்ததும் வண்டியை இறக்கி, கொஞ்சம் முன்னே பின்னே உருட்டி நிறுத்தினீர்கள். பிறகு ஒரு பக்கம் நீங்கள், மறுபக்கம் நான். கோட்டுக்குக் கோடு, முதலில் சக்கரங்களின் முன்னால் அளந்தோம், அப்புறம் பின்னால். முன்னால்தான் அகலம் கூடுதலாக இருந்தது. விரல் வைத்துப் பார்த்து, "அதான் டயரத் திங்கிது" என்றீர்கள்.

வண்டிக்கு அடியில் படுத்து, நீங்கள் சொல்லச் சொல்ல நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைத் திருப்பும் ராடைத் திருகினேன். இந்தப் பக்கம் எவ்வளவோ அந்தப் பக்கமும் அவ்வளவு. ஒவ்வொரு தடவையும் நீங்கள் ஏறி உட்கார்ந்து வண்டியை நகர்த்த வேண்டும், மறுபடி டேப். ஏறி இறங்கவே உங்களுக்கு மூச்சு வாங்கியது. ஒரு வழியாக இரண்டு அளவும் சமமாக வந்தபோது போதும் என்றேன். நீங்கள் விடவில்லை.

"முன்னால ஒரு நூல் கம்மியா இருக்கணும், அரைக்கா இஞ்சுதான். ஓட்டத்துல தன்னால விரிஞ்சுக்கும்."

எனக்குக் கழுத்து வலி. அடியில் படுத்தபடியே சொன்னேன். "நீங்கதானே ஓட்டப் போறீங்க. லேசா இழுத்தா என்ன, பெறகு பாத்துக்கலாம்."

டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னீர்கள்.

"வாங்குறவனுக்கு அது தெரியாதுல்ல. பாரத்தோட வேகமாப் போவான். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, அவன் பொஞ்சாதி நம்மளையில்ல சபிப்பா."

அங்கிருந்து பார்த்தால் உங்கள் பாதங்கள் மட்டும்தான் தெரிந்தன. வீக்கத்தில் செருப்பு வார் போட முடியாமல் திறந்தே கிடந்தது. வாங்குகிறவன் யார் என்று நான் கேட்கவில்லை. "இன்னும் ஒரு சுத்தா?" என்றுதான் கேட்டேன். அரைச் சுற்றுப் போதும் என்றீர்கள். திருகினேன். கண்ணில் துரு விழுந்துவிட்டது என்று சொல்லி அப்படியே கொஞ்ச நேரம் கிடந்தேன். நீங்களும் எழுந்து வரச் சொல்லவில்லை.

அந்த வாரமே வாங்குகிறவர் வந்தார். முன்பக்கம் உயர்த்தியதையும், எந்தப் பள்ளத்தில் எப்படி இறக்க வேண்டும் என்பதையும் அவருக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தீர்கள். வண்டி தெரு திரும்பும் வரை நான் வாசலில் நின்றேன். உள்ளே வந்து பார்த்தால் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தீர்கள். தூங்கவில்லை என்று தெரியும். போர்வையை மட்டும் இழுத்துவிட்டேன்.

கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனது வாடகைக் காரில், விடியலில் பஜ்ரு தொழுது முடித்த கையோடு. என் தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தீர்கள். அறந்தாங்கி தாண்டியதும் மெல்லச் சொன்னீர்கள். "தம்பி, வண்டி எடது பக்கம் இழுக்குதுப்பா. பாத்துக்க." டிரைவர் ஆமாம் பாய் என்றார். என்னிடம் ஏதாவது சொல்வீர்கள் என்று புதுக்கோட்டை வரும் வரை காத்திருந்தேன். சொல்லவில்லை. அன்று மதியம் லுஹர் தொழுகைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இனி ஓட்டவே போவதில்லை என்பதை என் முகம் பார்த்துச் சொல்ல உங்களுக்குத் தைரியம் வரவில்லையா? இல்லை, எனக்கு முன்பே தெரியும் என்று நினைத்துவிட்டீர்களா? சமையல்கட்டில் நிற்கும்போது, துணி காயப்போடும்போது, உங்களிடம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். சில நாள் முதலாவதுதான் என்று தோன்றும், அன்று உங்களை நினைத்து அழுகிறேன். சில நாள் இரண்டாவதுதான் என்று தோன்றும், அன்று யாரிடமும் பேசாமல் இருந்துவிடுகிறேன்.