நீலப்பூக் கோப்பை

1958 தை, வெள்ளிக்கிழமை இரவு.

செல்லம்மா தோட்டத்தை விட்டு, இன்று ராத்திரி அட்டனில் ரயிலேறி இந்தியாவுக்குப் புறப்பட்டுவிட்டாள். இந்த வீட்டுப் படியேறி என்னோடு உட்கார்ந்து பேசுகிறவள் அவள் ஒருத்திதான்.

சாயந்திரம் விளக்கு வைத்த நேரம் சொல்லிக்கொள்ள வந்தாள். அவள் அம்மா காதில் கிடந்த தண்டட்டி இரண்டையும் என் கையில் வைத்தாள். "பழசெல்லாம் ஆசையாச் சேர்க்கிறீங்களேக்கா, இதுவும் உங்க பொட்டியில இருக்கட்டும்." பிறகு அலமாரியைப் பார்த்தாள். "அந்த நீலப்பூக் கோப்பையில ஒண்ணு குடுங்கக்கா, உங்க ஞாபகமா வச்சுக்கிறேன்."

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வீட்டு ஏலத்தில் எடுத்த ஆறு கோப்பை. ஒன்று போனால் செட்டு குலைந்துவிடுமே என்றுதான் நினைத்தேன். வாயில் வந்தது வேறு.

"வெள்ளிக்கிழமை, விளக்கும் வச்சாச்சு. வீட்டுச் சாமானைக் குடுத்தா மாரியம்மனுக்கு ஆகாதுடி."

அவள் சிரித்தாள். "எனக்கும் இன்னைக்கு வெள்ளிக்கிழமைதானேக்கா." கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனாள். தண்டட்டியை நான் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை இதே நேரம் அடுத்த வீட்டுக்கு ஒரு கொத்து அரிசி அளந்து கொடுத்தேன். அப்போது நாள் பார்க்கவில்லை.

தாயே, நீ சொன்னதாகச் சொல்லிவிட்டேன். நீ சொல்லவில்லை.

அவளுக்கு எழுத ஒரு விலாசம்கூடக் கேட்டு வைக்கவில்லை.