நேர்ச்சை மொட்டை

அப்பா, இன்று இராமநாதபுரம் பேருந்தில் முன் இருக்கையில் ஒருவர் மொட்டைத் தலையில் சந்தனம் பூசி உட்கார்ந்திருந்தார். ஓரியூர் வேதக்கோயிலுக்குப் போய் வருகிறார் போல. அந்த வாசனையில் நான் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன்.

தங்கச்சிமடத்தில் உங்களைப் போல நேர்ச்சை செலுத்தியவர் யார்? முடி கொஞ்சம் தலைகாட்டினால் போதும், ஓரியூருக்குக் கிளம்பிவிடுவீர்கள். கடலுக்குப் போகிற மனிதருக்கு எவ்வளவு பக்தி என்று ஊரே மெச்சியது. பக்தியாவது ஒன்றாவது. கடல் தாண்டிப் புத்தளத்திலிருந்து வந்த உங்கள் அம்மாவின் சுருட்டை முடியை ஊர் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான். அவர் ஆப்பிரிக்க வழி வந்த காப்பிரிப் பெண் என்பதை நம் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. என் தலைக்கு மொட்டை சரிப்படாது. அதனால் உங்கள் தங்கை, என் அத்தை, எண்ணெயை வழிய வழிய வைத்து இறுக்கிப் பின்னிவிடுவார். ஏன் என்று நான் கேட்கக் கூடாது. அது சொல்லாமலே எனக்குத் தெரிந்திருந்தது.

கோயிலில் என் கல்யாண ஓலை வாசிக்க நாள் குறித்தாயிற்று. தடை ஏதும் உண்டென்றால் சொல்லுங்கள் என்று பங்குச் சாமியார் எல்லோர் முன்னும் கேட்பாரே, அந்த ஓலை. அதற்கு முன் தொண்டியிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா வந்தார். பின்னலுக்கு அடங்காமல் என் நெற்றியில் சுருண்டு நின்ற முடியைப் பார்த்தார்.

"இது யாரு வழி?"

"உப்புத் தண்ணி, மதினி. வேறொண்ணுமில்ல," என்றார் அத்தை.

நீங்கள் உள்ளேயிருந்து வந்து தலைத்துண்டை அவிழ்த்தீர்கள். கல்யாணப் பேச்சு முடிந்ததிலிருந்து நீங்கள் ஓரியூர் போகவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தலை நிறைய நரைத்த சுருள்.

"எங்கம்மா வழி. புத்தளத்துக் காப்பிரிப் பொம்பள. இத மறைச்சு ஓலை வாசிக்க நான் விடமாட்டேன். வேணாம்னா இப்பவே சொல்லிருங்க, வருத்தமில்ல."

கல்யாணம் நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். அதையும் மீறி உங்களைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா கிளம்பும்போது என் தலையைப் பார்த்துவிட்டு அத்தையிடம் சொன்னார்.

"அந்தப் பின்னலக் கொஞ்சம் தளத்தி விடுங்க. பிள்ளைக்குத் தலை வலிக்கப் போகுது."

மூன்று ஞாயிறும் ஓலை வாசித்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு நீங்கள் மொட்டை போடவே இல்லை.

உங்களைச் சவப்பெட்டியில் வைத்தபோது, தலையில் துண்டு கட்டிவிடலாம் என்றார் அத்தை. வேண்டாம் என்று நானே சீவிவிட்டேன். கோயிலில் வரிசையில் வந்த வெளியூர்க்காரர் ஒருவர் குனிந்து பார்த்து, "இவுகளுக்கு இப்பிடியா முடி?" என்று முணுமுணுத்தார்.

"ஆமா. எங்க தாத்தாவோட அம்மா முடி. எனக்கும் அதான்," என்றாள் என் மகள்.

கோயில் முழுக்கக் கேட்டது, அப்பா. இன்னும் என் காதில் இருக்கிறது.