என் வயிற்றிலிருந்து இன்னொரு முறை

என் செல்லத் தாயே இசக்கி,

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீ இருந்தபோது எழுதியதே இல்லை. தி.நகரில் இருப்பவன் அடையாறில் வேலை செய்யும் மகளுக்கு எதற்குக் கடிதம் எழுதப் போகிறான்? "சாப்பிட்டியா", "எப்ப வர்ற" என்று போனில் கேட்டதோடு சரி. இப்போது போன் அடித்தால் எடுக்க நீ இல்லை. அதனால் எழுதுகிறேன்.

கடை அப்படியேதான் இருக்கிறது. புடவையை விரித்துப் போட்டு, இதற்கு மேட்சாக பிளவுஸ் துணி கொடுங்கள் என்று கேட்கிறார்கள். நானும் எடுத்துப் போடுகிறேன். போன வாரம் மாம்பழ மஞ்சள் கேட்ட அம்மாளுக்கு எலுமிச்சை மஞ்சளைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். நீ இருந்திருந்தால் ஒரு மாதம் கேலி செய்திருப்பாய்.

உன் அம்மாவுக்கு இத்தனை நாள் என்மேல் கோபம். மாத்திரை விஷயம்தான். என் வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் காரமும் அல்ல, நேரங்கெட்ட சாப்பாடும் அல்ல, உள்ளே குடியிருக்கும் ஒரு கிருமி என்று கண்டுபிடித்துச் சொன்னவள் நீ. முதல் முறை கொடுத்த மருந்துக்கு அது அசையவில்லை. டாக்டர் வேறு மாத்திரைகள் எழுதிக் கொடுத்த அதே வாரம்தான் உனக்கு டெங்கு காய்ச்சல் வந்தது. நீ போன பிறகு அந்த மாத்திரை அட்டையைப் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை.

வாய் கசக்கும், குமட்டும் என்று உன் அம்மாவிடம் சாக்குச் சொன்னேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? நீ ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கிருமி என்னுடையது. எண்டோஸ்கோபி செய்தபோது என் இரைப்பையில் கிள்ளி எடுத்த துளி சதையை உன் ஆய்வுக்குக் கொடுக்கச் சம்மதித்தவன் நான். ரத்தம் கலந்த உணவு வைத்து, உடம்புச் சூட்டில் வைத்து நீ அதைக் காப்பாற்றினாய். "காத்து கொஞ்சம் கூடினாலும் செத்துப் போயிடுதுப்பா. உங்கள மாதிரியே, எதுக்கெடுத்தாலும் கோவம்" என்பாய். நீ கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட அது என் வயிற்றுக்குள் உயிரோடு இருந்தது. நீ இல்லை. அதை நானே மருந்து போட்டுக் கொல்ல வேண்டுமா? பைத்தியக்காரத்தனம்தான், தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய?

உன் வேலை எனக்குப் புரிந்தது ஒரு தீபாவளிக் கூட்டத்தில். ரங்கநாதன் தெருவுக்குள் நெரிபட்டு, செருப்பு அறுந்து, மூச்சு வாங்க வந்து சேர்ந்தாய். "பஸ் தி.நகருக்கு வந்துடுச்சுப்பா, நான் கடைக்கு வர முடியல. மாத்திரையும் இப்படித்தான். வயித்துக்குப் போயிடுது, கிருமிகிட்ட போய்ச் சேர்றதில்ல. அது வயித்துச் சுவர்ல இருக்கற கொழகொழப்புக்கு அடியில ஒளிஞ்சுகிட்டு இருக்கு. பாதி மருந்து அமிலத்துல கெட்டுப் போகுது, மீதி சாப்பாட்டோட இறங்கிடுது" என்றாய். கண்ணுக்குத் தெரியாத நானோ துகளுக்குள் மருந்தை வைத்து, அமிலம் படாமல் காத்து, அந்தக் கொழகொழப்பைத் தாண்டி, கிருமியின் பக்கத்திலேயே போய்த் திறந்துவிட வேண்டும். அதுதான் உன் வேலை. எதற்கும் மசியாத என் கிருமி உன் துகளுக்கு அடங்கியது என்று தெரிந்த அன்று, கடையில் எல்லாருக்கும் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தாய். சின்னப் பிள்ளை மாதிரி உன் உதட்டுக்கு மேல் நுரை ஒட்டியிருந்தது.

போன மாதம் ஷர்மிளா வந்தாள். ஆய்வுக்கூடத்தில் உன் பக்கத்து மேஜைக்காரி, அந்தச் சைதாப்பேட்டைப் பெண். "இன்னா அங்கிள், இப்டி எளைச்சிட்டீங்க?" என்று ஆரம்பித்தவள் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். மழையில் கரண்ட் போய் ஃப்ரீசர் நின்று, நீ பத்திரப்படுத்திய கிருமி அத்தனையும் செத்துவிட்டதாம்.

"எவ்ளோ ட்ரை பண்ணேன் அங்கிள், வளரவே இல்ல. இசக்கி செஞ்சது சரின்னு காட்டணும்னா, அதே கிருமிய வெச்சு நான் திரும்பச் செஞ்சு காட்டணும். இல்லாங்காட்டி ஏதோ ஒரு தபா வந்துச்சுன்னு தள்ளிடுவாங்க."

"நான் என்னம்மா செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய முடியாது அங்கிள். நீங்க ரெண்டாவது மாத்திரையும் முடிச்சிருப்பீங்க. உங்க வயித்துலயும் இருக்காது."

தொடங்கவே இல்லை என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "இசக்கி இருந்திருந்தா உங்கள உண்டு இல்லன்னு பண்ணிருப்பா" என்றாள்.

மலம் கறுப்பாகப் போகிறது, மறுபடி எண்டோஸ்கோபி செய்ய வேண்டும் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். போனேன். இந்த முறையும் கிள்ளி எடுக்கும் சதையில் ஒரு துளியை ஷர்மிளாவிடம் கொடுக்கச் சம்மதித்தேன். உன் அம்மாவும் வந்தாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவள் என் முகத்தைப் பார்க்காமலே பேசினாள். "கிருமிக்காகவாவது வந்தீங்களே. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்க போவேன்? ஒருத்தியக் குடுத்தது போதாதா?" நீ போனது எனக்கு மட்டும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேனோ?

திரும்பும்போது ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, மூஞ்சி தொங்கிப் போய் கீது? வயித்து வலின்னா பன் பட்டர் துன்னு, சரியாப் பூடும்" என்றார். உன் அம்மா சிரித்துவிட்டாள். அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று!

சில நாள் கழித்து ஷர்மிளா போன் செய்தாள். "வளந்துடுச்சு அங்கிள்! இனிமே நீங்க மாத்திரை போடலாம்." துணிக்கட்டுகளுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். இவ்வளவு சின்னக் கிருமி செத்தும் திரும்பி வருகிறது. என் பிள்ளை ஏன் வரவில்லை? யாரைக் கேட்பது, சொல்லு.

அன்று இரவுச் சாப்பாட்டோடு மாத்திரையைத் தொடங்கினேன். வாயெல்லாம் இரும்பு ருசி. விழுங்கும்வரை உன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள்.

உன் மருந்து இப்போதைக்கு வராது என்று ஷர்மிளா சொல்கிறாள். எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும், பிறகு மனிதர்களுக்கு. வருஷக்கணக்காகும், வராமலே போகவும் கூடும். ஆகட்டும். நான் வாக்குக் கொடுக்கிறேன், இசக்கி. ஒரு வேளை விடாமல் மாத்திரையை முடிப்பேன். கிருமி போய்விட்டதா என்று பைக்குள் ஊதிப் பார்க்கும் பரிசோதனைக்கும் போவேன். போய்விட்டது என்று சொன்னால் எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். நான் மட்டும் கொஞ்சம் அழுதால் நீ திட்டக் கூடாது.

அப்புறம் இருப்பேன். காத்திருக்க வேண்டும் அல்லவா? யார் பெயரில் வந்தாலும் சரி, உன் மருந்து மெடிக்கல் ஷாப்புக்கு வரும் அன்று தடி ஊன்றியாவது போய் ஓர் அட்டை வாங்குவேன். எனக்கு அது தேவைப்படாது. யாருக்கு சார் என்று கடைக்காரர் கேட்டால், யாருக்கும் இல்லை, என் பொண்ணு செஞ்சது என்று சொல்லுவேன்.

அம்மா பார்க்க மாத்திரை விழுங்கும்,
உன் அப்பா