மூன்றாவது வரிசையில் தூங்கிய அதிகாரி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். முழங்கால் மட்டும் நலமில்லை, அது நலமாக இருந்த காலம் உனக்கே நினைவிருக்காது, ஆகவே அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் எப்படி இருக்கிறீர்கள் என்று விவரமாக எழுது. தொலைபேசியில் "ம், இருக்கோம்மா" என்று நீ சொல்வதை ஒரு பதிலாக என்னால் ஏற்க முடியாது. குழந்தைக்குப் பல் முளைத்த செய்தியையே நான் உன் சித்தப்பா மூலம்தான் அறிய வேண்டியிருந்தது. சித்தப்பா என்றதும் விஷயத்துக்கு வருகிறேன். உன் அம்மா ஊர் நடுவில் ஒரு நகராட்சி அதிகாரியை ஒலிபெருக்கி வைத்து அவமானப்படுத்திவிட்டாள் என்று அவர் உன்னிடம் சொன்னாராம். நீயும் போன் போட்டு, "ஏம்மா, இந்த வயசுல உனக்கு இதெல்லாம் தேவையா?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் குழந்தை அழுகிறது என்று வைத்துவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். சித்தப்பா சொன்னதில் உண்மை என்று பார்த்தால் நான் உன் அம்மா என்பது ஒன்றுதான். ஒலிபெருக்கி கிடையாது, ஊர் நடுவும் கிடையாது, அவமானம் என்பது விவாதத்துக்கு உரியது.

நம் பின்தெருவில் மூடிக்கிடந்த ஐஸ் தொழிற்சாலை உனக்கு நினைவிருக்கும். அதில் இப்போது ஒரு திரையரங்கு நடக்கிறது. லாபத்துக்காக நடத்துவதல்ல. டிக்கெட் விலை ஒரு டீக்கு ஆகிற காசுதான், அதுவும் முடியாதவர்கள் சும்மா வந்து உட்காரலாம். பின்கட்டில் படம் எடுக்கவும் வெட்டி ஒட்டவும் கற்றுக்கொடுக்கிறார்கள். கற்றுக்கொள்பவர்களில் தையல்காரர் இருக்கிறார், இரண்டு நர்சுகள் இருக்கிறார்கள், மனைவியோடு பேச்சுவார்த்தை இல்லாத ஒரு லாரி டிரைவரும் இருக்கிறார். எல்லாம் நகராட்சி தரும் உதவித்தொகையில் ஓடுகிறது. இதை நடத்துகிற பெண்ணை எல்லோரும் சுருட்டை என்றுதான் கூப்பிடுகிறார்கள். தலையில் சீப்புப் பட்டு ஒரு வருடமாவது இருக்கும். தபால் நிலையத்தில் ஒரு பெரியவருக்கு நான் விண்ணப்பத்தைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று கேட்டாளாம். வெளியே வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, உங்க குரல் எங்களுக்கு வேணும்" என்றாள். நான் நன்கொடை கேட்கிறாள் என்று நினைத்துக் கைப்பையை இறுக்கிக்கொண்டேன்.

வேலை இதுதான். பார்வை இல்லாதவர்கள் படம் பார்க்க வருகிறார்கள். அவர்கள் காதில் ஹெட்ஃபோன். படம் ஓட்டும் அறையின் மூலையில் ஒரு கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் நான் மைக்கோடு உட்கார்ந்து, திரையில் பேச்சில்லாமல் நடப்பதை எல்லாம் சொல்லவேண்டும். கான்வென்ட்டில் சிஸ்டர் பென்சிலைப் பல்லுக்கிடையில் கொடுத்துப் பத்தி பத்தியாக வாசிக்கவைத்தது இத்தனை காலம் கழித்துப் பயன்பட்டது. சுருட்டை ஒரே ஒரு விதி சொன்னாள். "கண்ணுக்குத் தெரியறதை மட்டும் சொல்லுங்க ஆன்ட்டி, அபிப்பிராயம் வேண்டாம்." நான் கேட்டேன், ஒருவன் முகத்தில் அசடு வழிகிறது என்றால் அது கண்ணுக்குத் தெரிவதா, அபிப்பிராயமா? அவளுக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாத விதியை நான் எப்படிக் கடைப்பிடிப்பது? ஆகவே என் போக்கில் சொன்னேன். மழையில் நனைந்துகொண்டு பாடுகிறார்கள், குடை கையில்தான் இருக்கிறது, விரிப்பதாகத் தெரியவில்லை என்றேன். இவன் இப்போது பொய் சொல்லப் போகிறான், காதைத் தடவுகிறான் பாருங்கள் என்றேன். கதாநாயகி போனைச் சரியாக வைக்காமல் அழப் போய்விட்டாள் என்றபோது, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற பார்வையற்ற ஒருவர் "ஐயோ, லைன் பிஸியாவே இருக்குமே!" என்று அரங்கம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். நாளடைவில் கண் நன்றாகத் தெரிகிறவர்களும் கவுண்டரில் ஹெட்ஃபோன் கேட்க ஆரம்பித்தார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். உன் அப்பா போன பிறகு படத்தைப் பார்த்து நான் சொல்லும் சொற்களைக் கேட்க வீட்டில் சுவர்தான் இருந்தது.

அப்போதுதான் அந்தச் சோதனை வந்தது. உதவித்தொகையைத் தொடரலாமா என்று பார்க்க நகராட்சியிலிருந்து குழு வருகிறது என்றார்கள். தொகை நின்றால் அரங்கை மூடவேண்டும், கட்டடத்தின் சொந்தக்காரர், ஓடு அடுக்கி வைக்கக் கிடங்கு தேடிய ஒரு ஓட்டு வியாபாரியை வாடகைக்குப் பார்த்துவைத்துவிட்டார். சுருட்டை என் முன்னால் வந்து நின்று, "ஆன்ட்டி, அன்னைக்கு ஒரு நாள் மட்டும்... ப்ளீஸ்" என்றாள். அன்று அபிப்பிராயம் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கை நான் மீறியதில்லை, அன்றும் மீறவில்லை, இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படி. குழுவில் மூன்று பேர். ஒருவருக்குப் பல்வலி, வரவில்லை. வந்தவர்கள் மருந்துக்கடை வைத்திருக்கும் கவுன்சிலர் அம்மாள், அவர்தான் தலைவி, அப்புறம் கணக்கு அதிகாரி. அறிக்கை எழுதுபவர் அவர். அவர்களை அசத்துவதாக நினைத்துக்கொண்டு சுருட்டை ஓர் உயர்ந்த படத்தைப் போட்டாள். அதில் ஒருவன் ஒரு கதவைத் தூக்கிக்கொண்டு வெட்டவெளியில் நடக்கிறான். வேறொன்றும் இல்லை. நான் விதிப்படி சொன்னேன். நடக்கிறான். இன்னும் நடக்கிறான். கதவை இடது தோளுக்கு மாற்றுகிறான். நடக்கிறான். டெலிபோன்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று பக்கத்தில் கேட்டார்.

அந்த நேரத்தில் அரங்கில் ஒரு சத்தம் எழுந்தது. மரம் அறுப்பது போல, விட்டு விட்டு. ஹெட்ஃபோன் போட்டவர்கள் குழம்பிவிட்டார்கள். "கதவை அறுக்கறானா?" என்று ஒருவர் கேட்டார். "ஏதாவது மிருகம் வருதா?" என்றார் இன்னொருவர். என் கடமை என்ன என்று நீயே சொல். எதிரே நடப்பதைப் பார்வை இல்லாதவர்களுக்குச் சொல்வதுதானே? சொன்னேன். "இந்தச் சத்தம் படத்தில் இல்லை. மூன்றாவது வரிசையில் கணக்கு அதிகாரி தூங்குகிறார். வாய் திறந்திருக்கிறது. மடியிலிருந்து கோப்பு சரிகிறது." அவ்வளவுதான். ஒரு சொல் அபிப்பிராயம் உண்டா? நான் அந்த அரங்கில் சொன்னதிலேயே மிக ஒழுங்கான வர்ணனை அதுதான். ஆனால் ஏற்பாடு எப்படி இருக்கிறது என்று சோதிக்கத் தலைவி அம்மாளும் ஒரு ஹெட்ஃபோன் வாங்கிப் போட்டிருந்தது எனக்குத் தெரியாது. அவர் சிரிப்பை அடக்கமுடியாமல் பக்கத்தில் இருந்த அதிகாரியை முழங்கையால் இடித்தார். அவர் திடுக்கிட்டு எழுந்து, படம் முடிந்துவிட்டது என்று எண்ணிக் கைதட்டினார். திரையில் அப்போதுதான் அந்த மனிதன் கதவைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்திருந்தான். ஹெட்ஃபோன் போட்ட பாதி அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது, போடாத மீதிப் பாதி, இவ்வளவு கல்நெஞ்சக்காரர்களா என்று திரும்பிப் பார்த்தது.

அதிகாரி விடைபெறாமல் போய்விட்டார். நிறுவனத்தில் ஒழுங்கு இல்லை, தொகையை நிறுத்தலாம் என்று அறிக்கை எழுதப்போகிறார் என்று தலைவி அம்மாளே போன் செய்து எச்சரித்தார். சுருட்டை பின்கட்டில் மேசைமேல் தலையை வைத்து அழுதாள். தையல்காரர் அவளுக்கு டீ வாங்கி வைத்தார், அதுவும் ஆறிப்போயிற்று. யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சொல்லாததால் மறுநாள் இஸ்திரி போட்ட புடவையை உடுத்திக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். மன்னிப்பு கேட்பதாகத்தான் போனேன். காப்பீட்டு அலுவலகத்தில் இத்தனை வருடம் மற்றவர்கள் எழுதிய மன்னிப்புக் கடிதங்களைத் திருத்தியவள் நான், எனக்கென்று ஒன்று தயார் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து தொண்டையைச் செருமுவதற்குள் கணக்கு அதிகாரியே ஆரம்பித்துவிட்டார். சுற்றி குமாஸ்தாக்கள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது அவருக்கும் தெரியும். "நான் ஒண்ணும் தூங்கலைம்மா. கண்ணை மூடி ரசிச்சிக்கிட்டிருந்தேன்" என்றார். அதை நான் நம்பவில்லை, நம்பாததாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. "ரொம்ப சந்தோஷம் சார், கண்ணை மூடி ரசிக்கிறவங்களுக்காகத்தான் எங்க ஏற்பாடே. ஹெட்ஃபோன் இல்லாம உங்களை உட்கார வெச்சது எங்க தப்பு. சனிக்கிழமை மறுபடியும் வாங்க, அப்புறம் அறிக்கை எழுதுங்க" என்றேன். ஒரு குமாஸ்தா ஸ்டேப்ளரைக் கீழே போட்டான். இவரால் வரமாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. கொண்டுபோன மன்னிப்பை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

சனிக்கிழமை வந்தார். டெலிபோன்காரர் பக்கத்திலேயே இடம் போட்டோம். இந்த முறை கதவு இல்லை, ஒரு குடும்பப் படம். மகன் கடன்பட்டு, அம்மா குடியிருக்கும் வீட்டை விற்கப் பார்க்கிறான். யாருக்கும் வாக்குக் கொடுக்காத நிலையில் நான் தாராளமாகவே சொன்னேன். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார், பல் மருத்துவரிடம் உட்கார்ந்திருப்பவர் மாதிரி. அடிதடிக் காட்சியில் மட்டும் ஒரு இமை உயர்ந்தது. "மூன்றாவது வரிசையில் ஒருவர் ஒரு கண்ணைத் திறக்கிறார்" என்றேன். உடனே மூடிக்கொண்டார். டெலிபோன்காரர் அவர் கையைத் தட்டிக்கொடுத்து, "பழகிடும் சார்" என்றாராம். அதன் பிறகு அவர் தோள் தளர்ந்தது. சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்தார். அம்மா தனியாக வாசலில் நிற்கும் இடத்தில் சட்டைப்பையில் கைக்குட்டையைத் தேடினார். படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் அவர் கண்ணைத் திறக்கவில்லை, இந்த முறை குறட்டையும் இல்லை.

நகராட்சிக் கூட்டத்துக்கு நாங்கள் எல்லோரும் போனோம். மாப்பிள்ளை உன்னிடம் கேட்டாரே, ஜனங்கள் சினிமா பார்க்க அரசாங்கம் ஏன் பணம் தரவேண்டும் என்று, அதே கேள்வியை இரும்புக்கடை வைத்திருக்கும் கவுன்சிலர் கேட்டார். "சாக்கடை தூர்வாரக் காசில்லை, இவங்களுக்குச் சினிமா காட்டணுமா?" மாப்பிள்ளையிடம் சொல், கேள்வி தப்பில்லை. நானே கேட்டிருப்பேன். நூலகத்து லிஃப்ட் ஓடாததைத் தையல்காரர் ஒரு குட்டிப் படமாக எடுத்துக் காட்டியபிறகு, அதில் மூச்சு வாங்க மாடி ஏறிய கவுன்சிலர் யார் என்று ஊரே பேசி லிஃப்டைச் சரிசெய்தார்கள் என்பதை நான் எடுத்துச் சொல்லலாம் என்று இருந்தேன். அந்தக் கவுன்சிலர் இரும்புக்கடைக்காரர்தான் என்பதால் சுருட்டை என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அதற்குள் கணக்கு அதிகாரி எழுந்து சனிக்கிழமைப் படத்தைச் சொல்ல ஆரம்பித்தார். வாசலில் பச்சை வாளி, அதில் பாதித் தண்ணீர், பத்திரத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கும் மகன், அவன் முகத்தில் வழியும் அசடு, அம்மாவின் கை கதவு நிலையைத் தடவுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். இரும்புக்கடைக்காரர், "அடேங்கப்பா, இவ்வளவும் பாத்தீங்களா?" என்றார். "ஒண்ணையும் பாக்கலைங்க. கண்ணை மூடிக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன்" என்றார் இவர். "அதுக்கு முந்தின வாரம் கண்ணைத் திறந்துக்கிட்டுப் போனேன், தூங்கிட்டேன்." பிறகு "அப்ப எங்களையும் கண்ணை மூடிக்கிட்டு கையெழுத்து போடச் சொல்றீங்க" என்று இரும்புக்கடைக்காரர் முணுமுணுத்தார், எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்துவிட்டார். தொகை தொடர்கிறது. ஓட்டு வியாபாரி வேறு இடம் பார்த்துக்கொண்டார். இதில் யார் அவமானப்பட்டார் என்பதைச் சித்தப்பாவிடம் கேட்டு எழுது.

ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்கள், அதைப் போட்டவர் யாரென்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. பொதுப்பணத்தில் நடக்கும் வர்ணனை என்பதால் நான் பேசுவதை எல்லாம் பதிவுசெய்து மாதாமாதம் தணிக்கைக்கு அனுப்பவேண்டுமாம். "வீட்டுல உக்காந்து கேக்க வழி பண்ணிக்கிட்டாரு" என்கிறார் டெலிபோன்காரர். கணக்கு அதிகாரியின் முதல் தணிக்கைக் குறிப்பு நேற்று வந்தது. முத்திரையோடு, ஒரு பிழையில்லாமல் எழுதியிருந்தார், அதற்காக மதிப்பெண் கொடுத்தேன். அவர் நேரிலேயே கேட்ட அந்தக் குடும்பப் படத்தில் வீட்டை விட்டுக் கிளம்ப மறுக்கும் அம்மாவை நான் பிடிவாதக்காரி என்று சொல்லியிருக்கிறேனாம். 'வீடு அவருடையது, அவர் அதில் குடியிருக்கிறார், இதில் பிடிவாதம் எங்கே வந்தது என்பதை விளக்கவும்' என்று கேட்டிருந்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன். மைக்கில் எனக்கு ஏன் அந்தச் சொல் வந்தது என்று யோசித்தேன். சென்ற மாதம் இந்த வீட்டை விற்றுவிட்டு உங்களோடு வந்துவிடும்படி மாப்பிள்ளை சொன்னபோது, நான் மாட்டேன் என்றதற்கு நீ போனில் சொன்ன சொல் அது. காதிலேயே நின்றிருக்கிறது. அதிகாரிக்குப் பதில் எழுதிவிட்டேன். ஆட்சேபம் சரியானது, அந்தச் சொல் திரும்பப் பெறப்படுகிறது என்று. உன் பக்கத்திலும் அப்படியே செய்துவிடு. எனக்கு உங்கள் மேல் வருத்தம் எதுவும் இல்லை. எனக்குச் சனிக்கிழமைகளில் வேலை இருக்கிறது, அவ்வளவுதான்.

மாப்பிள்ளை உப்பைக் குறைத்தாரா? நீ சொன்னால் கேட்கமாட்டார், அத்தை கேட்டார்கள் என்று சொல். குழந்தையைக் கம்பளி இல்லாமல் வெளியே தூக்கிப் போகாதே. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டு, மனம் நிறைந்து நீண்ட காலம் வாழவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். கோடை விடுமுறைக்கு வருவதாக இருந்தால் தேதியை முன்னாலேயே தெரிவி, உனக்கும் மாப்பிள்ளைக்கும் கவுண்டரில் ஹெட்ஃபோன் எடுத்துவைக்கச் சொல்லவேண்டும், கடைசி நேரத்தில் கிடைக்காது.

ஆசிகளுடன்,
உன் அம்மா