அர்ச்சுனன் என்கிற கனகராஜுக்கு

மூவார்
1932, கார்த்திகை மாதம்

சிரஞ்சீவி அர்ச்சுனனுக்கு அப்பா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ இருக்கிற காஹாங் பக்கம் காய்ச்சல் அதிகம் என்று கேள்வி, நீ நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியாத்தாள் கண் திறக்க வேண்டும். உறையின் மேல் நீ சொன்னபடியே கனகராஜ் என்று எழுதியிருக்கிறேன். தோட்டத்தில் ஆள் பெயர் பதிகிற செக்ரோலில் அந்தப் பெயர்தான் இருக்கிறது, வேறு பெயர் போட்டால் கடிதம் கைக்கு வராது என்று சொல்லியிருந்தாய். சரி. எனக்குத்தான் எழுதக் கை வரவில்லை, ஓர் உறை பாழாய்ப்போயிற்று.

மழை விட்டபாடில்லை, ஆறு கலங்கி ஓடுகிறது. ரப்பர் விலை விழுந்ததிலிருந்து ஃபெரியில் ஏறுகிற ஆளும் குறைவு, வண்டியும் குறைவு, அங்கே வேலை செய்கிற எங்களை மாதத்தில் பாதி நாள் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி, வாய்க்கு மட்டும் ஒரு வலியும் இல்லை. லாரி ஓட்டுகிற ஐயாசாமி வந்திருந்தான். காஹாங்கில் உன்னைப் பார்த்தானாம், புதுச் சைக்கிளில் போனாயாம், ஆள் நன்றாகத் தேறியிருக்கிறாய் என்றான். அம்மாவுக்குச் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். சாப்பிட உட்கார்ந்தபோது அந்தச் சைக்கிள் ஞாபகம் வந்தது, தட்டை மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

உனக்கும் உன் பெண்சாதி அங்கம்மாவுக்கும் வந்த சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று பேச நான் வரவில்லை. அவளுக்கும் பிள்ளைக்கும் மாதம் ஐந்து வெள்ளி கொடு என்று கோர்ட்டில் சொன்ன பிறகு இரண்டு மாதம் கொடுத்தாய், அப்புறம் ஊரிலேயே இல்லை. வாரண்டு போட்ட அன்றைக்கு உனக்காக நான்தான் போய் நின்றேன். பிள்ளை பெற்றவனை ஜெயிலில் போட்டால் அவன் எப்படிச் சம்பாதிப்பான், பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டேன். மாஜிஸ்திரேட்டு துரை ஏதோ சொன்னார், கோர்ட்டு குமாஸ்தா கிராணி அதைத் தமிழில் சொன்னார், வெளியில இருந்தப்ப மட்டும் அந்தப் புள்ளைக்கு என்னய்யா கிடைச்சிச்சு என்று. அதற்காக ஜெயில்தான் சரி என்று நான் சொல்லவில்லை, இன்றைக்கும் மனம் ஒப்பவில்லை. வேலை போய்க் கையில் காசே இல்லாத தகப்பன்மாரையும் அதே பூட்டுப் போட்டுத்தான் பூட்டுகிறார்கள், அது பாவம். ஆனால் நீ அந்தக் கூட்டத்தில் சேரமாட்டாய்.

மனுவை வாபஸ் வாங்கிக்கொள்ளம்மா என்று அங்கம்மாவிடம் நானே கேட்டுப் பார்த்தேன். அவள் கோபப்படவில்லை. எனக்கு அவரை உள்ள வைக்கணும்னு ஆசை இல்ல மாமா, உள்ள வைப்பாங்கன்னு பயம் இருந்தாத்தான் குடுப்பாருன்னா அந்தப் பயம் இருக்கட்டும் என்றாள். நீ எங்கே இருக்கிறாய் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும்.

போன வாரம் பெக்கான் நானாஸிலிருந்து ஒரு கடைக்காரர் வீட்டம்மாள் அங்கம்மாவிடம் வந்தாள். உன் மகள் புஷ்பவள்ளியைக் கைக்குழந்தை பார்க்க அனுப்பு, சோறும் துணியும் நாங்கள் தருகிறோம் என்கிறாள். பிள்ளைக்கு எட்டு வயதுதான் ஆகிறது. அங்கம்மா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை, பிள்ளைக்கு எண்ணெய் வைத்துத் தலை பின்னிக்கொண்டே இருந்தாள். தை பிறந்ததும் வந்து கூட்டிப்போவதாக அந்த வீட்டம்மாள் சொல்லிப் போயிருக்கிறாள். அன்று சாயங்காலம் பிள்ளை என்னிடம் வந்து, நான் அங்க போயிட்டா அப்பா வந்து என்னை எப்புடித் தாத்தா கண்டுபிடிப்பாரு என்று கேட்டது. நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

அப்பன் ஜெயிலுக்குப் போனவன் என்றால் நாளைக்கு அவளை யார் கட்டுவான் என்று உன் அம்மா அழுகிறாள். அதுவும் நியாயம்தான். எனக்கு யோசித்து யோசித்து அலுத்துப்போயிற்றப்பா. வருகிற திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போய், நீ எந்தத் தோட்டத்தில் எந்தப் பெயரில் இருக்கிறாய் என்று சொல்லிவிடப் போகிறேன். உன் அம்மாவுக்கு இது தெரியாது. கடிதம் அதற்கு முன்னாலேயே உன் கைக்கு வந்துவிடும். சைக்கிளை விற்றாவது கையில் பணத்தோடு வந்தால் நானும் கூட வருகிறேன், பணத்தைக் கட்டினால் உள்ளே போடமாட்டார்கள் என்று கிராணி சொல்கிறார். வேறு பக்கம் ஓடுவதென்றாலும் உனக்கு நாள் இருக்கிறது. பெற்றவன் என்று அந்த அவகாசத்தைத் தருகிறேன், அதற்கு மேல் தர என்னிடம் ஒன்றுமில்லை.

மழையில் நனையாதே. காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொய்னா மருந்தைக் கசக்கிறது என்று துப்பிவிடாதே. மாரியாத்தாள் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் கொடுக்கட்டும். ஓடுவதாக இருந்தால், போகிற இடத்தில் என்ன பெயர் வைத்துக்கொண்டாய் என்று எனக்கு எழுதாதே. எழுதினால் அதையும் போய்ச் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
அர்ச்சுனனின் அப்பா
செல்லப்பன்