வலது பக்கத்துச் சத்தம்

நவம்பர் 3, திங்கள்

வண்டியை முழுக்க ஒடித்துத் திருப்பினால் வலது முன்சக்கரத்தில் டக் டக் டக். ஆக்சில் ஜாயின்ட் போயாச்சு. ஸ்டியரிங்கும் கையில் ஆடுகிறது, சக்கரத்தைத் திருப்பும் டை ராட் எண்டு இரண்டும் தேய்ந்திருக்கும். 2007 மாடல் கார், அதைக் குறை சொல்லக்கூடாது. இருபத்திரண்டு வருஷம் பூவாறில் ரிசார்ட்டுக்கு வண்டி ஓட்டியவன் நான். இது எனக்கு ஒரு மத்தியான வேலை. ஆனால் தோள் ஆபரேஷன் முடிந்து நாலு மாசம்தான். ஓட்டலாம், ஸ்பானர் பிடித்து இழுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வொர்க்‌ஷாப்பில் விடலாம் என்றேன். பிரேமா தையல் மெஷினை நிறுத்தினாள். "நீங்க வாயால சொல்லுங்க, நான் கையால செய்யுதேன்." சிரித்தேன். என் பொண்டாட்டி ஒரு சக்கரம் கழற்றிப் பார்த்தது கிடையாது.

நவம்பர் 8, சனி

சக்கரம் தரையில் இருக்கும்போதே ஆக்சில் நட்டை இளக்கணும் என்றேன். ஸ்பானரில் நீளப் பைப்பை மாட்டி அதன் மேல் ஏறி நின்றாள். இளகிவிட்டது! நான் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். பாதிக்கு மேல் அவள் காதில் வாங்கவில்லை. போனில் எல்லாம் பார்த்து வைத்திருக்கிறாள்.

பழைய டை ராட் எண்டு எத்தனை சுற்றில் கழன்று வருகிறது என்று எண்ணினாள். அளவு நோட்டில், யாரோ ஒருத்தியின் ஜாக்கெட் அளவுக்குக் கீழே எழுதிக்கொண்டாள்: வலது பதினாறரை, இடது பதினேழு. புதியதையும் அதே கணக்கில் திருகினாள். இத்தனை வருஷத்தில் நான் எண்ணியதே இல்லை. கண் மதிப்புதான். இதை அவளிடம் சொல்லவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் ஆக்சில். பழைய ஜாயின்டைத் தட்டி எடுத்து, புதியதை ஏற்றி, கிரீஸ் அடைத்து, ரப்பர் உறையை மாட்டிக் கிளிப் போட்டாள். தைத்து முடித்த துணியைப் பார்ப்பதுபோல் தள்ளி நின்று பார்த்தாள்.

அடுத்த வீட்டு சஜு, எனக்குத் தம்பி முறை, மதில்மேல் சாய்ந்து நின்றான். "மைனி, எனக்க வண்டியிலயும் இதே சத்தமாக்கும். அடுத்தது எனக்கது, கேட்டியளா?"

மனசுக்குள் கேட்டேன்: எலே, நான் இஞ்ச ஒருத்தன் இருக்கேன்லா? உனக்க வண்டிய இவ்வளவு நாளும் பார்த்தது யாரு?

நவம்பர் 10, திங்கள்

பாறசாலையில் வீல் அலைன்மென்ட். கடைக்காரன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "யாராக்கும் மாத்தினது? ஒரு வித்தியாசமும் இல்லியே" என்றான். வீட்டில் மாற்றினோம் என்றேன். யார் என்று சொல்லவில்லை.

சத்தம் அறவே இல்லை. ஸ்டியரிங் வெண்ணெய். வயிறு எரிகிறது. எழுதிவிட்டேன், யார் படிக்கப் போகிறார்கள்.

நான் வீட்டுக்கு வந்தபோது பிரேமா வாசலிலேயே நின்றாள். "எப்பிடி இருக்கு?"

"வலது பக்கம் கொஞ்சம் சத்தம் இருக்கோன்னு ஒரு சம்சயம்."

வாயில் தானாக வந்தது. தானாகவா?

நவம்பர் 12, புதன்

முற்றத்தில் வண்டியைத் திருப்பச் சொல்லி வெளியே நின்று கேட்டாள். பிறகு உள்ளே ஏறி உட்கார்ந்து கேட்டாள்.

"எனக்குக் கேக்கல்லியே."

"ஓட்டிப் பழகின காதுக்குத்தான் கேக்கும்."

"சஜுவக் கூப்பிடட்டா?"

"ஊரு முழுக்க அறியணுமா?" என்றேன். அடங்கிவிட்டாள்.

நவம்பர் 15, சனி

மறுபடி எல்லாவற்றையும் கழற்றினாள். கிளிப் விரலைக் கிழித்துவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். ஒரு குறையும் இல்லை என்று எனக்குத் தெரியும். பார்த்துக்கொண்டே இருந்தேன். மாட்டி முடித்ததும் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தேன்.

"இப்போ?"

"குறைஞ்சிருக்கு. முழுசாப் போகல்ல."

சந்தோஷமா இருந்துது. ஆமா, இருந்துது.

நவம்பர் 17, திங்கள்

சஜு வண்டியோடு வந்தான். "எங்க வண்டியிலயே சத்தம் போகல்ல மக்கா. நீ வொர்க்‌ஷாப்புல காட்டு" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். ஸ்பானர்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினாள்.

ஜெயித்தாயிற்று. ராத்திரி அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினேன்.

நவம்பர் 20, வியாழன்

நெய்யாற்றங்கரையில் காது டாக்டருக்கு டோக்கன் எடுத்திருக்கிறாள்!

"இருவது வருஷம் மெஷினுக்க முன்ன இருந்து எனக்க காது போச்சு போல. ஒங்களுக்குக் கேக்குதது எனக்குக் கேக்கல்லியே."

பயந்திருக்கிறாள். அவள் அம்மாவுக்கு ஐம்பதிலேயே காது கேட்காமல் போனது. சொல்லிவிடவேண்டியதுதானே? இப்போதே சொல்லிவிடு என்று வாயைத் திறந்தேன்.

"எத்தன மணிக்கு?" என்று கேட்டேன். தூ.

நவம்பர் 24, திங்கள்

கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து ஹெட்ஃபோன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தணும். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள், கட்டுப் போட்ட விரல் பொத்தான்மேல். நான் வெளியே நின்று பார்த்தேன். ஓடிவிடலாம் போல இருந்தது.

சோதித்த பெண் வெளியே வந்தாள். "செவிக்கு ஒரு குழப்பவும் இல்ல கேட்டோ. சின்னப் பிள்ளைகளுக்க செவியாக்கும்."

பிரேமா என்னைப் பார்த்தாள். காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள்.

பார்க்கிங்கில் வண்டியை முழுக்க ஒடித்துத்தான் எடுக்கவேண்டி இருந்தது. அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"இப்போ கேக்குதா ஒங்களுக்கு?"

"இல்ல."

"அன்னைக்கு?"

"அன்னைக்கும் இல்ல. ஒரு நாளும் இல்ல பிரேமா. எனக்குப் பொறாமை. நீ செய்ததப் பாத்துத் தாங்கல்ல."

கண்ணாடியை ஏற்றினாள். அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அமரவிளை தாண்டியதும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நான் எனக்க காதயில்லா சம்சயப்பட்டேன். ஒங்களச் சம்சயப்படத் தோணவே இல்ல."

நவம்பர் 27

சோறு போடுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். சண்டையே இல்லை.

நவம்பர் 29

நானே போய் சஜுவிடம் சொன்னேன். முழுவதும் சொன்னேன். "அண்ணே, நீங்களா?" என்றான். வொர்க்‌ஷாப்பில் இன்னும் வண்டியைக் காட்டவில்லையாம்.

டிசம்பர் 6, சனி

சஜு மறுபடி வந்து கேட்டான். அவன் வண்டியை இன்று முடித்தாள். ஜாக்கி எங்கே இருக்கிறது என்று மட்டும் என்னிடம் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

எல்லாம் மாட்டி முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு சாவியை எடுத்தாள். ஓட்டிப் பார்க்கத் தருவாள் என்று நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அவள் சஜுவைக் கூப்பிட்டு, "நீயே ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லு மக்கா" என்று அவனிடம் கொடுத்தாள்.

தெருமுக்கில் இரண்டு தடவை வண்டியை ஒடித்துத் திருப்பினான். வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று காதைக் கொடுத்தேன். சுத்தம்.

"ஒரு சத்தமும் இல்ல பிரேமா. நல்லா இருக்கு" என்றேன்.

சரி என்று தலையை ஆட்டினாள். சஜு இறங்கி வந்து சொல்லட்டும் என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.