ஒரு கதவைச் சாத்த ஆள் தேடிய கதை

என் மகளாகப் பிறந்து, செத்துப்போன என் தாயின் பேரைச் சுமப்பதால் எனக்கே அம்மாவாகிவிட்ட உலாயுக்குக்கு, உன் அப்பா எலியாசி சொல்லச் சொல்ல உன் அம்மா லேயா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம், நாய்களும் சுகம், கடல் இன்னும் கெட்டியாக உறைந்துதான் கிடக்கிறது. உன் கால் எப்படி இருக்கிறது? பனிக்கட்டி மேல் ஓடி வளர்ந்த பெண் மான்ட்ரியலில் வாசற்படியில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டாள் என்று கேட்டு ஊரே சிரித்தது, கோபித்துக்கொள்ளாதே, சிரித்து முடித்த பிறகு எல்லோரும் கவலையும் பட்டார்கள்.

நீ போனில், ஒரு கதவச் சாத்தக்கூட முடியலையாப்பா உங்களால, என் படத்தையே கெடுத்துட்டீங்களே என்று அழாத குறையாகக் கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். எனக்குப் போனில் பேச வராது, சுவரோடு பேசுவதுபோல் இருக்கிறது, அதனால்தான் இந்தக் கடிதம். இந்த முதல் படத்துக்காக நீ எத்தனை வருஷம் அலைந்தாய் என்று எனக்குத் தெரியும் அம்மா. கால் ஒடிந்து வர முடியாமல் உன் சிநேகிதி மார்த்தாவைப் படம் பிடிக்க அனுப்பியபோது, கடைசிக் காட்சி சரியாக வராவிட்டால் படமே இல்லை என்று நீ சொன்னதும் தெரியும். வேண்டுமென்று நான் எதையும் கெடுக்கவில்லை.

நீ எழுதிய கதையில் சொந்தம் தேடி வந்த பிள்ளை ஒன்று வீடு வீடாகப் போகிறது, எல்லோரும் துரத்துகிறார்கள், கடைசி வீட்டுக் கிழவனும் இங்கே உனக்கு யாரும் இல்லை என்று கதவைச் சாத்த, அது அழுதுகொண்டே பனியில் நடந்து போகிறது. கிழவன் நான். சரி, கதவு சாத்துவது என்ன வேட்டையா என்று ஒத்துக்கொண்டேன். ஆனால் பிள்ளையாக நடிக்க மார்த்தா யாரைப் பிடித்திருக்கிறாள் தெரியுமா? முன்பல் விழுந்த அந்த வாயாடி துலுகாக்கை! என் அப்பாவின் பேர் வைத்த பெண். அவள் பிறந்த நாளிலிருந்து நான் அவளை அப்பா என்கிறேன், அவளும் என்னை மகனே என்று கூப்பிட்டுத் தொப்பி போடவில்லை என்று திட்டுகிறாள். கதவைத் திறந்தால் கிழிந்த கோட்டோடு பனியில் நிற்பது என் அப்பா. என் வாயில் வந்தது, அய்யய்யோ, குளிர்ல நிக்கிறீங்களே, உள்ள வாங்கப்பா. எல்லோரும் சிரித்தார்கள், திரும்ப எடுத்தார்கள். அடுத்த தடவை நாக்கைக் கடித்துக்கொண்டு பாதிக் கதவை மூடிவிட்டேன், அவள் தலையை உள்ளே நீட்டி, சாத்துடா மகனே, நான் சும்மா நடிக்கத்தானே செய்யறேன் என்று காதோடு சொன்னாள். அதற்குப் பிறகு எப்படிச் சாத்துவது?

பக்கத்து வீட்டுச் சக்கரியாசி, நகருய்யா, எனக்கு அவ யாரோ எவளோ, நான் சாத்திக் காட்டறேன் என்று மார்தட்டிக்கொண்டு வந்தான். கேமரா ஓடியதும் இவன் கதவைத் திறக்க, உள்ளேயிருந்து அவன் பெண்சாதி, யோவ், உன் பெரியப்பா பேருய்யா அது, அவரையா துரத்தப்போறே என்று கத்தினாள். அவன் அப்பாவும் என் அப்பாவும் அண்ணன் தம்பி முறை என்பதை மடையன் மறந்தே போய்விட்டான். அப்புறம் கோடி வீட்டுச் சாராவைக் கேட்டோம். துலுகாக்கின் இரண்டாவது பேர், கடலில் செத்துப்போன சாராவின் மூத்த பிள்ளையுடையது. சாரா தன் கையுறையைக் கழற்றிப் பிள்ளையின் கையில் மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். மார்த்தா தலையில் கை வைத்துக்கொண்டு, இந்த ஊர்ல இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாதவங்க ஒருத்தர்கூடவா இல்ல என்று கேட்டாள். நாங்கள் உண்மையாகவே உட்கார்ந்து யோசித்தோம். உன் அம்மாதான் கடைசியில், கடை மேனேஜர் இருக்காரே என்றாள்.

தெற்கே நியூஃபவுண்ட்லாந்திலிருந்து வந்து தனியாகக் கிடக்கிற அந்தப் பெரிய உடம்புக்காரர்தான். பாவம், பயந்து பயந்து ஒத்துக்கொண்டு, கடைக்குள்ளே மாவு மூட்டைகளைப் பார்த்துப் போ போ என்று பழகினாராம். நன்றாகவே செய்தார், தன் வீட்டு வாசலில் நின்று வசனத்தைச் சொல்லிக் கதவைச் சாத்தியும் விட்டார். இனி துலுகாக் அழுதுகொண்டு கடல் பக்கம் நடக்க வேண்டும். அவள் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு கைப்பிடியைத் திருப்பி உள்ளே போய்விட்டாள். நம் ஊரில் கதவு மூடியிருப்பது குளிருக்காகத்தானே, ஆளுக்காகவா? கேமராவோடு மார்த்தாவும் பின்னாலேயே ஓடினாள், நாங்களும் ஓடினோம். மேனேஜருக்கு அதற்கு மேல் வசனம் கிடையாது, காதெல்லாம் சிவந்துபோய் டீக்குத் தண்ணீர் வைத்தார். துலுகாக் பூட்ஸைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, உனக்கு யாரோட பேர வெச்சாங்க என்று விசாரித்தாள். எங்க அம்மாவோட அப்பா பேரு, அவர் கடலோட போயிட்டார் என்றார். அப்படின்னா உங்க அம்மாவுக்கு நீதானே அப்பா, இதுகூடத் தெரியாதா என்றாள். அந்த மனிதர் சிரித்தார், பிறகு சர்க்கரை டப்பாவைத் தேடுகிற சாக்கில் வெகுநேரம் திரும்பியே நின்றார். மறுநாள் கடையில் சொல்கிறார், ஊருக்குப் போன் போட்டு, மகளே எப்படி இருக்கே என்றாராம், அவர் அம்மா, குடிச்சிருக்கியாடா என்று கேட்டாளாம்!

உன் கதையைப் பொய் என்று நான் சொல்லவில்லை அம்மா. நீ படிக்கப் போன முதல் குளிர்காலத்தில், இந்தக் கட்டடத்துல யாருமே என் பேரக் கேக்கலப்பா என்று சொன்னாய், அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தத் தனிமை அங்கே உண்டு. அதை மூட்டை கட்டிக் கொண்டுவந்து நம் வாசலில் இறக்கினால் அது எங்கே உட்காரும்? எனக்கு மீசை முளைக்காத வயதில், கோயில் கூடத்தில் வெள்ளைத் துணி கட்டிப் பாதிரியார் படம் காட்டினார், ஏதோ பட்டணத்துத் தெருவில் ஒரு பிள்ளை பசியோடு நின்றது. சக்கரியாசியின் அம்மா எழுந்துபோய்த் துணிக்கு முன்னால் ஒரு துண்டு மீனை வைத்துவிட்டு வந்தாள். நம் ஆட்கள் படம் பார்ப்பதே அப்படி என்றால் நடிப்பது எப்படி இருக்கும் சொல். பட்டணத்தில் கதவு சாத்துகிற படம் எடு, நான் வந்து வெளியே நிற்கிறேன், எனக்கு அங்கே யாரும் அப்பா முறை இல்லை.

மார்த்தா இந்த விமானத்திலேயே வருகிறாள், கடிதமும் அவளோடுதான் வருகிறது. கதவு சாத்தியது, துலுகாக் உள்ளே போனது, இரண்டும் அவள் பெட்டியில் இருக்கின்றன, எதை வைப்பது எதை வெட்டுவது என்பது உன் முடிவு என்கிறாள். உன் படம், நீதான் முடிவு செய்ய வேண்டும். கூடவே உறைந்த மீனும் கடல்நாய் இறைச்சியும் கொடுத்தனுப்பியிருக்கிறேன், எலும்பு கூடுவதற்கு இறைச்சிதான் நல்லது, வைத்தியர் கொடுக்கிற மாத்திரையை மட்டும் நம்பிக்கொண்டு இருக்காதே. ஊன்றுகோலை வீசிவிட்டு நடக்காதே, உன் பிடிவாதம் எனக்குத் தெரியும், என்னை வளர்த்தவள்தானே நீ. எங்கள் ஆயுசில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு நன்றாக இரு.

வெட்டுவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் நினைத்துக்கொள். நீ என் அம்மா, துலுகாக் என் அப்பா, அப்படியானால் உனக்கு அவள் என்ன முறை என்று யோசித்துப் பார். அவளே மார்த்தாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள், என் பெண்டாட்டிகிட்ட சொல்லு, என்னைப் பனியில நிறுத்தி வெச்சாள்னா இனிமே மீன் பிடிச்சுத் தர மாட்டேன்னு.

உன் அப்பனும் மகனுமான
எலியாசி